கறன்ட் போன நேரத்துச் சத்தம்

வங்காலை
06.05.2024

இஞ்சினியர் தம்பி நௌஷாட் அவர்களுக்கு,

போனில் கதைத்தால் "டீச்சர், லைன் சரியில்லை" என்று வெட்டுகிறீர்கள். வட்ஸ்அப்பில் கேட்டால் பதில் போட்டுவிட்டு நான் திறந்து பார்க்கிறதுக்குள் அழித்துவிடுகிறீர்கள். போன கிழமை முழுக்க உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரே அறிவு "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்பதுதான். ஆகவே தாளில் எழுதுகிறேன். என் மச்சாள் றோசம்மா, அதாவது என் மனுசனுடைய தங்கச்சி, மன்னார் ரவுணுக்கு வேலைக்கு வருகிறவ. அவ கையில் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவ கையிலேயே தரவும். தாளில் எழுதியதை அழிப்பதென்றால் நீங்கள் உப்புக்குளத்திலிருந்து பஸ் ஏறி வரவேண்டும். அவ்வளவு பாடுபடுகிற ஆள் நீங்கள் இல்லை.

இதை நாளைக்குப் பிரதேச சபையில் காட்டவேண்டி வரலாம் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். என் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், இந்தக் கரையின் வள்ள முதலாளி அமிர்தநாயகம் சம்மாட்டியாரின் ஐஸ் தொழிற்சாலை. மதிலோடு ஒட்டினபடி அவருடைய ஜெனரேற்றர். என் மனுசன் பஸ்ரியன் இரவெல்லாம் கடலில் நின்று, விடிய வந்து, பகலில் நித்திரை கொள்கிறவர். அந்தச் சனியன் ஓடத்தொடங்கினால் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் நடக்கத் தொடங்கும். அதற்குள் எங்கே நித்திரை? மாசி மாதம் இவர் எஞ்சின் பிடியைப் பிடித்தபடியே தூங்கி, வள்ளம் மணல்திட்டில் ஏறி, முன்பல் உடைந்து வீட்டுக்கு வந்தார். அடுத்த முறை பல்லோடு போகாது. அதற்காகத்தான் நான் முறைப்பாடு எழுதினேன்.

சம்மாட்டியார் "அங்க ஒரு சத்தமும் இல்லை, டீச்சருக்குத்தான் காதில கோளாறு" என்றார். சபையில் "இடைவெளி இல்லாமல் இரண்டு மாதம் ஒலியைப் பதிந்து கொண்டு வாங்கோ, ஜூலை எட்டாம் திகதி விசாரிப்பம்" என்றார்கள். அதற்குள் எங்கள் மீனவர் சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கு ஒரு ஞானம் பிறந்தது. பதிவை என் வீட்டில் வைத்திருந்தால் நான் கூட்டிக்குறைத்துவிடுவேனாம். முன்பள்ளிப் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவே எனக்கு நேரம் போதாது. ஆகவே பதிகிற கருவி என் வீட்டுத் தாழ்வாரத்தில், பதிந்ததைச் சேர்த்து வைக்கிற பெட்டி சங்கக் கந்தோர் அலுமாரிக்கு மேலே, இரண்டுக்கும் நடுவில் காற்றில் போகிற தொடர்பு. இப்படிப் பூட்டித் தந்தவர் நீங்கள். "இனி நீங்க மூச்சு விட்டாலும் பதியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

நேற்றுச் சங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் போட்டுக் கேட்டோம். என் மூச்சு பதிந்திருக்கிறது. காகம் பதிந்திருக்கிறது. நான் கோழியைத் துரத்தினது, மகளை ஏசினது எல்லாம் கண்ணாடி போலப் பதிந்திருக்கிறது. ஜெனரேற்றர் மட்டும் இல்லை. அது ஓடின நேரமெல்லாம் பதிவே இல்லை, வெறும் ஓட்டை. சங்கத் தலைவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். எப்போது திருத்தப்போகிறீர்கள் என்று எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
பிரேமினி பஸ்ரியன்

*

உப்புக்குளம், மன்னார்
10.05.2024

மதிப்புக்குரிய டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து அழகு. கடைசியாக எனக்குக் கடிதம் எழுதினது பரீட்சைத் திணைக்களம். அவர்களும் உங்களைப் போலத்தான், நல்ல செய்தி ஒன்றும் எழுதவில்லை.

றெக்கோடர் என்பது மிக்ஸி இல்லை. தட்டினால் ஓடும், தட்டினால் நிற்கும் என்று நினைக்கக்கூடாது. உங்கள் தாழ்வாரத்தில் இருப்பது சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கணினி. மைக்கிலிருந்து ஒலி குழாய்த் தண்ணீர் போல நிற்காமல் வந்துகொண்டிருக்கும். கணினி அதை வாளி வாளியாகப் பிடித்துச் சங்கத்துப் பெட்டியில் கொண்டுபோய் ஊற்றும். ஊற்றுகிற வேலை கொஞ்சம் தாமதித்தால் வாளி வழிந்துவிடும். வழிந்தது போனதுதான். பிழைப் பதிவில் அப்படித்தான் காட்டுகிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் வாளி வழிந்திருக்கிறது.

ஏன் வழிகிறது என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பிழை வீட்டுக்காரர் செய்கிறது. யாராவது போன் சார்ஜ் பண்ண வயரைக் கழற்றுகிறார்களா? கருவிக்குக் கீழே மீன் பொரிக்கிறீர்களா? மைக்கின் மேல் சேலை காயப்போடுகிறீர்களா? தயவுசெய்து உண்மையைச் சொல்லவும்.

கறன்ட் போனாலும் நிற்காமல் இருக்கத்தான் கருவிக்குள் பற்றரி வைத்துத் தந்தேன். மன்னாரில் வேறு ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி யோசித்துச் செய்து தருகிறார்களா என்று. என் கடையில் இருந்தபடியே இணையம் வழியாகக் கருவிக்குள் புகுந்து வாளியைப் பெரிதாக்கிவிட்டேன். இனிப் பிரச்சினை இருக்காது.

நௌஷாட்

*

வங்காலை
20.05.2024

இஞ்சினியர் தம்பிக்கு,

வாளி பெரிதாகிவிட்டது. ஓட்டையும் பெரிதாகிவிட்டது. சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டதால் வயர் அறுந்து ஒன்றுவிட்ட ஒரு நாள் கறன்ட் போகிறது, ஜெனரேற்றர் கத்துகிறது, உங்கள் கருவி வாயை மூடிக்கொள்கிறது.

சேலை காயப்போடுவது கொடியில். மீன் பொரிப்பது குசினியில். வயரை யாரும் கழற்றவில்லை. பத்துக்கு ஒன்பது பிழை வீட்டுக்காரர் என்றால் மிச்ச ஒன்றைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கவும். அந்த ஒன்று உப்புக்குளத்தில் கடை போட்டு இருக்கிறது.

பிரேமினி

*

உப்புக்குளம்
28.05.2024

டீச்சர்,

றோசம்மா அக்காவிடம் புது மைக் ஒன்றும் புது வயரும் கொடுத்துவிட்டிருக்கிறேன். அவற்றை மாற்றவும். ஒலித் தரத்தையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறேன். இதற்கு மேல் குறைத்தால் ஜெனரேற்றருக்கும் உங்கள் சேவலுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம். கருவிக்குள் ஒரு சின்ன மெமரி கார்ட் இருக்கிறது. அது கணினி ஓடுவதற்கு மட்டும். பதிவு ஒன்றும் அதில் தங்குவதில்லை, எல்லாம் சங்கத்துப் பெட்டிக்குத்தான் போகிறது. ஆனால் இப்போது அந்தக் கார்ட் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது என்று காட்டுகிறது. உள்ளே தேடினால் ஒன்றும் இல்லை. நிரம்பியிருக்கிறது, ஆனால் ஒன்றும் இல்லை. உங்கள் மகள் சினிமாப் பாட்டு ஏதாவது ஏற்றினாவா? கோபிக்க வேண்டாம், கேட்க வேண்டியது என் தொழில்.

மன்னிக்க வேண்டும், இதையும் கேட்டுவிடுகிறேன். இந்த மாதம் முழுக்க உங்கள் வீட்டுச் சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் என்ன கறி என்று தெரியும். அவ்வளவு கேட்டும் ஒரு ஜெனரேற்றரை நான் கேட்கவில்லை. உண்மையிலேயே அது அவ்வளவு சத்தமா? நான் பூட்ட வந்த அன்று உங்கள் கணவர்தான் ஏணியைப் பிடித்தார். அவரிடம் கேட்டேன். ஏணியைத்தான் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

நௌஷாட்

*

வங்காலை
02.06.2024

நௌஷாட்,

மரியாதை இந்தக் கடிதத்தில் குறைவாகத்தான் இருக்கும்.

என் மகளுக்குப் பாட்டுக் கேட்க உங்கள் சவர்க்காரப் பெட்டி தேவையில்லை, அவளிடம் போன் இருக்கிறது. என் மனுசன் பதில் சொல்லாததும் அதிசயமில்லை. அவர் கலியாணத்தன்றைக்கே கோயிலில் சுவாமியார் கேட்ட கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொன்னவர். ஆனால் "உண்மையிலேயே சத்தமா" என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் உங்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். சம்மாட்டியாரின் ஐஸ் தொழிற்சாலைக்குப் போன வருசம் கமரா பூட்டினது யார்? நீங்கள். அந்தக் கமரா மழைக்குள்ளும் வெயிலுக்குள்ளும் ஒரு நாள் நின்றதில்லை. அவருக்குப் பூட்டினது ஓடுகிறது, எனக்குப் பூட்டினது அவருடைய ஜெனரேற்றர் ஓடுகிறபோது மட்டும் நிற்கிறது. ஊர் முழுக்க இதைப் பற்றி என்ன நினைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, நீங்கள் விலைபோகவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நீங்கள் யோசிக்கவில்லை. அது அதைவிடக் கேவலம். கேளுங்கள். ஜெனரேற்றர் எப்போது ஓடும்? கறன்ட் போனால். கறன்ட் போனால் உங்கள் கருவி பற்றரியில் ஓடும், நல்லது, கெட்டிக்காரன். வாளி வாளியாகப் பிடிக்கும். பிடித்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றும்? சங்கக் கந்தோர் அலுமாரிக்கு மேலே இருக்கிற பெட்டியில். அந்தப் பெட்டிக்குப் பற்றரி வைத்தீர்களா? சங்கத்துக்கும் எனக்கும் ஒரே கம்பத்து வயர். எனக்குக் கறன்ட் இல்லாத நேரம் அந்தப் பெட்டி செத்துக் கிடக்கிறது. நேற்றுக் கறன்ட் போனவுடனே நான் போய்க் கண்ணால் பார்த்தேன். ஒரு வெளிச்சமும் இல்லை. அதற்கு மேல் சங்கத் தலைவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க நான் உங்களைப் போலக் கொழும்பில் படிக்கவில்லை. கந்தோர் வரைக்கும் நடந்தேன், அவ்வளவுதான்.

பிரேமினி

*

உப்புக்குளம்
05.06.2024

டீச்சர்,

நான் யாரிடமும் விலைபோகவில்லை. வல்லாஹி, சத்தியமாகச் சொல்கிறேன், இதைத் திரும்ப எழுத வேண்டாம்.

மற்றது சரி. நீங்கள் சொன்ன மாதிரித்தான் நடந்திருக்கிறது. பெட்டிக்குப் பற்றரி வைக்கவில்லை. ஒரு கந்தோரில் இருக்கிற பெட்டிக்கு எப்போதும் கறன்ட் இருக்கும் என்று நினைத்தேன். அது கொழும்புப் பழக்கம்.

திருத்துகிற வழி: இனிக் கருவி தன்னுடைய கார்ட்டிலேயே முதலில் எழுதும். பெட்டி விழித்திருக்கிற நேரம் பார்த்து அங்கே அனுப்பும். பெட்டி செத்தாலும் பதிவு சாகாது. தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். பெட்டிக்கும் ஒரு பற்றரி கொண்டுவருகிறேன்.

ஆனால் போனது போனதுதான். இதுவரைக்கும் கறன்ட் இல்லாத நேரத்துப் பதிவு ஒன்றும் எங்கும் இல்லை. இன்றிலிருந்து இரண்டு மாதம் புதிதாகப் பதியலாம். விசாரணையைப் பிற்போடக் கேட்டுப் பாருங்கள்.

நௌஷாட்

*

வங்காலை
08.06.2024

நௌஷாட் தம்பிக்கு,

கேட்டேன். பிற்போட மாட்டார்களாம். எட்டாம் திகதி முழுப் பதிவு இல்லாவிட்டால் என் முறைப்பாட்டை மூடிவிடுவார்களாம். அதோடு சம்மாட்டியார் இரண்டாவது ஜெனரேற்றருக்கும் அனுமதி கேட்டிருக்கிறார். அதையும் அந்த மதிலோடுதான் வைப்பார்.

நேற்று இவர் திரும்பவும் தூங்கிவிட்டார். இன்னொருவருடைய வலைக்கு மேலால் வள்ளத்தை ஓட்டி, இழுபட்டு, தண்ணீருக்குள் விழுந்து, நல்ல காலம் பக்கத்து வள்ளத்தில் ஆட்கள் நின்றபடியால் தூக்கி ஏற்றினார்கள். நெற்றியில் தையல். வீட்டுக்கு வந்து படுத்தவுடன் கறன்ட் போனது. அவர் நெற்றியைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை ஏச எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பிரேமினி

*

உப்புக்குளம்
19.06.2024

டீச்சர்,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கிழமை வங்காலைக்கு வந்தேன். நீங்கள் முன்பள்ளியில். உங்கள் மகள்தான் கதவு திறந்தா. ஆம், பஸ் ஏறித்தான் வந்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், தொலைந்ததெல்லாம் இருக்கிறது.

அந்த நிரம்பின கார்ட்டை நினைவிருக்கிறதா? உங்கள் மகள்மேல் நான் பழிபோட்டது. நடந்தது இதுதான். பெட்டி செத்தவுடன் வாளி வழிந்து கருவி தடுமாறி நிற்கும். நின்றால் தானாகவே மறுபடி தொடங்கும்படி நான் எழுதி வைத்திருந்தேன். தொடங்கிப் பார்க்கிறபோது சங்கத்துப் பெட்டி இல்லை. ஆனால் பெட்டியின் பெயரில் கார்ட்டுக்குள்ளும் ஒரு வெறும் இடம் இருக்கிறது. முட்டாள் கருவி, அதுதான் பெட்டி என்று நினைத்து அதற்குள் ஒழுங்காக எல்லாவற்றையும் எழுதியிருக்கிறது. கறன்ட் வந்து பெட்டி விழித்ததும் அந்த இடத்துக்கு மேலேயே வந்து படுத்துக்கொண்டது. முற்றத்தில் காயப்போட்ட நெத்தலிக்கு மேல் பாயை விரித்தது போல. நான் உப்புக்குளத்தில் இருந்து பார்த்தபோதெல்லாம் பாயைத்தான் பார்த்திருக்கிறேன். சங்கத்துப் பெட்டியின் தொடர்பைக் கழற்றினேன். கீழே அவ்வளவும் கிடந்தது. தொடக்கத்திலிருந்து கறன்ட் போன அத்தனை தடவையும். இடையில் கருவி மறுபடி தொடங்குகிற ஒரு சின்னத் துண்டு மட்டும் இல்லை, அதற்கு நான் சபைக்கு விளக்கம் எழுதித் தருகிறேன்.

கடையில் வைத்துக் கேட்டேன். டீச்சர், அது சத்தமில்லை, அது அநியாயம். என் மேசையில் பேனை ஆடினது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மன்னிக்கவும்.

எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கித் தருகிறேன். ஒரு இடத்தில் மட்டும் காற்று இரைச்சல் அதிகம், ஒரு நிமிசம்கூட இல்லை. அதை வெட்டிவிட்டால் கேட்க வசதியாக இருக்கும். உங்கள் சம்மதம் வேண்டும்.

நௌஷாட்

*

வங்காலை
21.06.2024

தம்பி நௌஷாட்,

கடிதம் வாசித்துக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் அதை ஏற்றுக்கொள்வீர்களோ தெரியாது.

ஆனால் வெட்டுகிற கதை எனக்குப் பிடிக்கவில்லை. சேவல் கூவினதை வெட்டவில்லை, நான் மகளை ஏசினதை வெட்டவில்லை, காற்று இரைச்சலை வெட்டவேண்டுமாம். நீங்கள் பொய் சொல்லத் தெரியாத ஆள். அகங்காரம் பிடித்தவர்களுக்குப் பொய் நன்றாக வராது. அந்த ஒரு நிமிசத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவும். சம்மாட்டியார் சொன்னதாக ஏதாவது கெட்ட வார்த்தை என்றால் அதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். அவருடைய வாயை நான் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிரேமினி

*

உப்புக்குளம்
24.06.2024

டீச்சர்,

இதை எழுதாமல் விடப் பார்த்தேன். இரண்டு தாள் கிழித்தேன்.

சம்மாட்டியார் இல்லை. உங்கள் கணவர்.

மே மாதக் கடைசியில் ஒரு பகல். கறன்ட் போய் ஜெனரேற்றர் ஓடுகிறது. உங்கள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். மதிலடியில், மைக்குக்கு நேர் கீழே நின்று அவர் அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைக்கிறார். ஜெனரேற்றர் பார்க்கிற கொலின்ஸ் என்று நினைக்கிறேன், அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறார். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். என் சொந்தக் கதை ஒன்றும் இல்லை.

"கொலின்ஸ், சம்மாட்டியாரிட்டச் சொல்லு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கிறேல்லை எண்டு."

"என்ன?"

"சத்தம் இல்லை எண்டு சொல்லு!"

"கேக்கேல்லை அண்ணே, கிட்ட வாங்கோ!"

"சத்தம் இல்லை! நான் நல்லா நித்திரை கொள்ளுறன் எண்டு சொல்லு!"

"என்ன கொள்ளுறியள்?"

"நித்திரை! நித்திரை! அவளுக்கு விசர். பேப்பர் எழுதி எழுதி என்னை ஊருக்குள்ள தலைகாட்ட விடாமப் பண்ணிப்போட்டாள். சபையில கேட்டா நான் இல்லையெண்டுதான் சொல்லுவன்!"

தொண்டை கிழியக் கத்துகிறார். அப்படியும் அளவு பார்த்தால் அவருடைய குரல் ஜெனரேற்றருக்குக் கீழேதான் நிற்கிறது.

இதை வெட்டி ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் உங்களோடு நிறையச் சண்டை பிடித்தேன், ஆனால் இது வேறு. நீங்கள் சொன்னால் வெட்டுகிறேன்.

நௌஷாட்

*

வங்காலை
29.06.2024

தம்பி நௌஷாட்,

வாசித்துவிட்டுக் குசினியில் இருந்து அழுதேன். பிறகு அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. நானே சொல்கிறேன். கரையில் ஆண்கள் அவரைப் பகிடி பண்ணுகிறார்களாம், "பெண்சாதி உத்தரவு தந்தாத்தான் நித்திரையோ" என்று. வள்ளம் இழுக்கக் கூப்பிட்டால் ஒருவனும் வருவதில்லை. அமிர்தநாயகம் ஒரு பார்வை பார்த்தால் கரை முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். என் மனுசனும் திரும்பிவிட்டார். அவர் செத்துப்போவாரே என்று நான் ஊரோடு மல்லுக்கு நிற்கிறேன், அவர் ஊரில் நல்ல பெயர் எடுக்கிறதுக்குச் செத்தாலும் பரவாயில்லை என்கிறார். இப்படி ஒரு கோழை மனிதனோடு ஒரே கட்டிலில் பதினைந்து வருசம் படுத்தேனா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் பொய் எழுதவில்லை.

நேற்று அவரிடம் கேட்டேன். "சபையில கேட்டா என்ன சொல்லுவியள்?" என்றேன். மீன்முள்ளைக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, "பாப்பம்" என்றார். இன்னொரு முறை கேட்டேன். "எத்தனை தரம் கேக்கிறாய்" என்றார். நான் அவருக்கு இரண்டு தரம் வழி விட்டேன் என்பதை நீங்களாவது தெரிந்து வைத்திருங்கள்.

வெட்ட வேண்டாம். வெட்டினால் சம்மாட்டியார் வேறு யாரையாவது பிடித்து வெட்டின இடத்தைக் காட்டுவார், பிறகு நான் பொய்க்காரி. முழுதாகக் கொடுங்கள்.

பிரேமினி

*

வங்காலை
22.07.2024

அன்புள்ள தம்பி நௌஷாட்,

இந்த முறை தபாலில் வருகிறது. றோசம்மா இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. காரணம் கீழே.

விசாரணை அன்று நீங்கள் பதிவைக் கொடுத்துவிட்டு, கல்லூரிக்குக் கமரா பூட்டப் போகவேண்டும் என்று வெளியே போய்விட்டீர்கள். திங்கட்கிழமை எந்தக் கமரா அவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் பார்க்க விரும்பாமல் போனீர்கள். நல்ல பிள்ளை.

முதலில் இவரைத்தான் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டு, நெற்றித் தழும்பைத் தலைமயிரால் மறைத்துக்கொண்டு வந்திருந்தார். "அப்பிடிப் பெரிய சத்தம் எண்டு சொல்ல ஏலாது ஐயா. நான் படுத்தா எழும்பிறேல்லை" என்றார். அமிர்தநாயகம் கதிரையில் சாய்ந்து காலுக்கு மேல் கால் போட்டார். பிறகு பதிவைப் போட்டார்கள். ஜெனரேற்றர் தொடங்கினவுடன் உத்தியோகத்தர் காதைப் பொத்தினார். குறைக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். அந்த இடம் வந்தது. "சத்தம் இல்லை! சத்தம் இல்லை!" என்று இவர் கத்துகிறார். "என்ன, கேக்கேல்லை" என்று அவன் கத்துகிறான்.

முதலில் ஒரு கிளாக்கர் பெட்டை சிரித்தாள். பிறகு முழு மண்டபமும் சிரித்தது. உத்தியோகத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "திரும்ப ஒருக்காப் போடுங்கோ" என்றார். சம்மாட்டியாரும் சிரித்தார், அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைக்கூட மறந்துவிட்டார். அதற்குப் பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? ஜெனரேற்றரை மாத முடிவுக்குள் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டாவதுக்கு அனுமதி இல்லை. கோயில் திருநாளுக்கு முன்னமே கொண்டுபோய்விட்டார்கள். சங்கத் தலைவர் என்னைக் கண்டால் வேலி ஓரமாகப் போகிறார். நான் வென்றுவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், வேறு ஒருவரிடமும் சொல்ல முடியாது. இரண்டாம் முறை போட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கியிருக்கலாம். நான் அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்தார்கள், இவர் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் முன்னம் ஒரு தரமும் கண்டதில்லை. கலியாணம் முடித்த ஒரு மனுசி தன் மனுசனைப் பார்த்து அப்படிச் சிரிக்கக்கூடாது. எனக்கு அது அந்த நிமிசமே தெரியும், தெரிந்தும் சிரித்தேன்.

அன்று பின்னேரமே உடுப்பை எடுத்துக்கொண்டு றோசம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஊரின் மற்றத் தொங்கல் அது. மகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். கடலுக்கு ஒழுங்காகப் போகிறாராம், ஆட்கள் திரும்ப வள்ளம் இழுக்க வருகிறார்களாம். பகலில் நல்ல நித்திரையாம், கூப்பிட்டாலும் எழும்புவதில்லையாம். நான் கேட்டது அதுதானே. அவர் நித்திரை கொள்ளவேண்டும் என்றுதானே இவ்வளவும்.

நேற்றும் கறன்ட் போனது. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. கட்டிலை விரித்து வைத்திருந்தேன், பழக்கத்தில்.

நேரம் கிடைக்கிறபோது வந்து உங்கள் கருவியைக் கழற்றிக்கொண்டு போங்கள். இந்த வீட்டில் இனிப் பகலில் நித்திரை கொள்ள ஆளில்லை.

பிரேமினி